பவுடர் பூசிய எஞ்சின்

எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கோத்தால் முதல் சில நாள் ஆயில் ஒழுகத்தான் செய்யும், கன்று போட்ட மாட்டுக்குச் சீம்பால் வருகிற மாதிரி, பிறகு தானாக நின்றுவிடும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். இதை நாலு பேரிடம் விளக்கமாகச் சொல்லவும் செய்தேன். அதில் ஒருவர் தலையாட்டியதால் நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது. அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இன்று காலை மழை ஓய்ந்து வாசல் காய்ந்தபோது அந்தக் கறை மறுபடி தெரிந்தது. எங்கள் விழுப்புரம் வீட்டு சிமெண்டுத் தரையில், ஒரு முறம் அகலத்துக்கு. சோடா உப்பு, மண்ணெண்ணெய், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. என் மனைவி செல்வி அதை விட்டு ஒதுங்கிக் கோலம் போடப் பழகிவிட்டாள். வெயில் ஏறினால் அதிலிருந்து லேசாக ஆயில் வாசனை வரும். என் மூக்குக்கு மட்டும் அதோடு முகப்பவுடர் வாசனையும் சேர்ந்து அடிக்கும். காரணம் இருக்கிறது.

கார் என் பெரியப்பாவுடையது. உருண்டை மூக்கு வைத்த பழைய அம்பாசடர். எங்கள் கல்யாணம் திண்டிவனத்தில், பெண்வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. முடிந்ததும் அந்த வாசலில் நின்ற இந்தக் காரில்தான் செல்வி ஏறினாள். பின்சீட்டில் மல்லிகை, பவுடர், பெட்ரோல் மூன்றும் கலந்த வாசனை. விக்கிரவாண்டி வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத புதுப்பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, இது வூடு போய்ச் சேருமா?"

"சேரும்" என்று அடித்துச் சொன்னேன். இல்லற வாழ்வில் நான் சொன்ன முதல் பொய். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

பெரியப்பாவுக்குப் பிறகு கார் எங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. முன்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. செல்வியின் அண்ணன் திண்டிவனத்து வீட்டை விற்றுவிட்டதாகச் சொன்ன அன்றைக்கு அவள் கேட்டாள்.

"அந்தக் கார சரி பண்ணி ஒருதபா எங்க வூட்டு வாசல்ல நிறுத்துங்களேன். ஏறுன எடத்துலயே எறங்கிப் பாக்கணும்."

வீட்டை வாங்கியவர் ஆடி மாதத்தில் கை வைக்க மாட்டார், ஆவணி பிறந்ததும் இடிப்பார் என்று பேச்சு. நிறைய நேரம் இருந்தது. எனக்கு எப்போதுமே நிறைய நேரம் இருக்கும்.

எஞ்சினைக் கோத்தவன் ஏழுமலை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு, இப்போது புறவழிச்சாலை ஓரம் பட்டறை. முதலில் எஞ்சினின் மேல்மூடியில் கசிந்தது. மூடிக்கு அடியில் வைக்கும் பாக்கிங்கை மாற்றினான். உடனே அடியில் கசிந்தது. அதை இறுக்கினால் பின்பக்கம். ஒருவரைச் சமாதானப்படுத்தினால் இன்னொருவர் முறைத்துக்கொள்ளும் எங்கள் சொந்தபந்தம் மாதிரியே.

ஒருநாள் வருவது வரட்டும் என்று கிளம்பிவிட்டோம். விக்கிரவாண்டியில் சந்தேகம் வந்து, ஓரங்கட்டி, தார் ரோட்டில் குப்புற விழுந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். போகிற பஸ்ஸிலிருந்து ஒருவன், "யோவ், கோயிலு அந்தாண்ட கீது!" என்று கத்தினான். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எஞ்சினே போய்விடும் என்று அலறியடித்து வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் தண்ணீர். செல்வியின் காலடியில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்திருந்தது. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஏழுமலை ஒரு வைத்தியம் சொன்னான். எஞ்சினைக் கழுவித் துடைத்து, மேலெல்லாம் பவுடர் தூவி ஓடவிட வேண்டும். எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு. செல்வியின் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தேன். எஞ்சின் சூடேற ஏற அந்தப் பின்சீட்டு வாசனை அப்படியே எழும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன்.

"டேய் மாப்ள, கண்ணத் தொறடா! எல்லா எடத்துலயும் ஊத்திக்கினு கீது!"

அதற்குப் பிறகு நான் குடியிருந்ததே காருக்கு அடியில்தான். ஆடிக் கடைசி வெள்ளியன்று செல்வியின் கால்கள் மட்டும் தெரிந்தன. "திண்டிவனம் வரிக்கும் போய்ட்டு வர்றேன்" என்றாள். "உம்" என்றேன். துடைக்கத் துணி இருக்கிறதா என்றும் கேட்டேன்.

ஆவணி பிறந்தது. பவுடர் டப்பாவைத் தேடி வந்த செல்வி, திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பூசையில வெச்ச புள்ளையார இன்னும் கரைக்கலியா நீங்க?"

எஞ்சினை முதன்முதலில் கிளப்பிய அன்று பூசை போட்டோம். நான்தான் மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தேன். மேல்மூடியில் நீட்டிக்கொண்டிருந்த குட்டிக் குழாயின் வாய், அவருக்கென்றே செய்த பீடம் போலிருந்தது. விழாமல் இருக்க நன்றாக அழுத்தி உட்கார வைத்தேன். முடிந்ததும் தண்ணீரில் கரைக்க வேண்டும், மறந்துவிட்டேன். சூட்டில் அவர் கல்லாக இறுகிவிட்டார். அது எஞ்சின் மூச்சு விடுகிற குழாய். மூச்சு முட்டிய எஞ்சின், கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைத் துப்பியிருக்கிறது.

"நீ பாக்கலியாடா?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"பாத்துக்கினுதான் இருந்தேன். சாமிய யார்னா கழட்டுவாங்களா? ஒவ்வொரு தபாவும் மூடியோட தூக்கி வெச்சி, கும்புட்டுட்டுதான் வேலையே பாத்தேன்."

செல்வி கொண்டை ஊசியால் மஞ்சளைச் சுரண்டி எடுத்தாள். புதுப் பவுடர் தூவிக் கிளப்பினோம். வெகுநேரம் ஓடியும் பவுடர் காய்ந்தே இருந்தது. நான் குதித்தேன்.

"ஜல்தி கெளம்பு செல்வி! திண்டிவனம்!"

"எதுக்கு?"

"உங்க வூட்டு வாசல்ல..."

"அதான் பஸ்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டேனே. முந்தாநாளு இடிச்சிட்டாங்க. அண்ணன் போன்ல போட்டோ அனுப்பிச்சிது, காட்டட்டா?"

காட்டினாள். ஒரே புழுதி. ஏழுமலை எதையோ தேடுவதுபோல் கொட்டகைக்குள் போய்விட்டான்.

காரை அடுத்த வருஷம் புதுச்சேரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். சாலையை அகலப்படுத்தியதில் ஏழுமலையின் பட்டறையும் போனது. அவன் மகளோடு ஓசூரில் இருக்கிறான். திண்டிவனத்தில் அந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். தாண்டிப் போகும்போது எந்தக் கடை வாசல் எங்கள் பந்தல் போட்ட இடம் என்று எனக்குத் தெரிவதில்லை. செல்வியிடம் கேட்டதும் இல்லை.

கார் அந்த வாசலுக்குப் போகவில்லை. செல்வி தனியாகத்தான் போய் வந்தாள்.