குச்சி அக்காவும் பழைய பசையும்

அந்தப் பெட்ரோல் பங்கில் எல்லாருக்கும் அவள் குச்சி அக்கா. பத்தொன்பது வருஷமாகக் காலை ஆறு மணி ஆனால் போதும், தன்னைவிட உயரமான பித்தளைக் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறக்கப் போய்விடுவாள். கம்பியின் அடிமுனையில் மஞ்சள் பசையைத் தடவி உள்ளே இறக்குவாள். அடியில் தண்ணீர் இருந்தால் பசை சிவந்துவிடும். சிவக்காவிட்டால் ‘தண்ணீர் இல்லை’ என்று பலகையில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் குழாயைத் தொடலாம். ஒருநாள் முதலாளியே அவசரப்பட்டுத் தொட்டுவிட்டு, “வையுங்க கீழ!” என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாயும் சும்மா இருக்காது. வேறு பங்க் பேச்சை எடுத்தாலே, “அங்கயா? அங்க போட்டா வண்டிக்கு ஜலதோஷம்ல பிடிக்கும்! என் தொட்டியில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போனதா யாரையாவது சொல்லச் சொல்லு” என்பாள். சொல்ல யாருமில்லை, அதுவும் உண்மைதான். சிக்கனத்திலோ மகா கெட்டி. பசை ட்யூபை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வைத்திருப்பாள்.

போன மாதம் அரசாங்கத்தின் புது உத்தரவு வந்தது. கரும்பிலும் சோளத்திலும் எடுக்கிற எத்தனாலைப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்து கலந்துகொண்டிருந்தார்கள், இனி இருபது. கம்பெனி அதிகாரி வந்து சுற்றறிக்கை ஒன்றும் புது ட்யூப் ஒன்றும் கொடுத்தார். “இனிமே இதைத்தான் தடவணும்மா, பழசு இதுக்கு உதவாது.” “சரிங்க சார்” என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் புது ட்யூபை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பழசில் இன்னும் பாதி கிடக்கிறதே, அதைத் தூக்கியா போடுவது? தீர்ந்ததும் எடுத்துக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை கம்பியை இறக்கி எடுத்தாள். பசை மஞ்சள் மாறாமல் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். முதல் வண்டியாக அவள் தம்பியின் டாக்சி வந்து நின்றது. பின்சீட்டில் அவன் பெண்டாட்டி, நிறைமாதம், உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

“அக்கா, வலி வந்துருச்சு. வண்டியில பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கிற பங்க்ல போட்டுக்கிறேன், அதுவரைக்கும் தாங்கும். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

“கண்ட இடத்துல போட்டு நடுவழியில நிக்கப் போறியா? கொண்டா இப்படி!” அவளே குழாயைப் பிடித்து நிரப்பினாள். ஜன்னல் வழியே கையை விட்டு அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். “தைரியமா போ கண்ணு. பத்து வருஷமா அத்தை ஆகக் காத்துக்கிட்டிருக்கேன்.”

இருபது நிமிஷத்தில் போன் வந்தது. “அக்கா, மேம்பாலத்து மேல வண்டி குலுங்கிக் குலுங்கி நின்னுருச்சு. என்ன பண்ணாலும் கிளம்ப மாட்டேங்குது. கத்துறாக்கா அவ! ஒரு வண்டிக்காரனும் நிறுத்த மாட்டேங்குறான்!” லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தாள், போகவில்லை. அதற்குள் ஒரு பள்ளிக்கூட வேனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ரெண்டு பைக். ஒருமணி நேரத்தில் பதினோரு வண்டி, பதினோரு வாய். ஐயோ, இது என்ன அநியாயம் என்று அவள் ஓடிப்போய்க் குழாயைப் பூட்டினாள்.

“பெட்ரோல் கொண்டுவந்த லாரிக்காரன் தண்ணி கலந்திருப்பான், திருட்டுப்பய” என்று முதலாளி குதித்தார்.

“என் ரெண்டு கண்ணால பார்த்தேன் முதலாளி. சிவக்கல!”

அதிகாரி வந்ததும் முதல் கேள்வி, “பசை எங்கம்மா?” கிளிப் மாட்டிய ட்யூபை நீட்டினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளே ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். புது ட்யூபின் மூடியில் ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை. அவர் அதைப் பிரித்துக் கம்பியில் தடவி இறக்கித் தூக்கினார். ஒரு சாண் உயரத்துக்குச் செக்கச்செவேல் என்று இருந்தது.

“எத்தனால் கம்மியா இருந்தப்ப அடியில நின்னதுல தண்ணிதான் அதிகம், உங்க பழைய பசை காட்டிக் கொடுத்துச்சு. இப்ப எத்தனால் ரெண்டு மடங்கும்மா. தண்ணியைப் பார்த்தா பெட்ரோலை விட்டுட்டு அதோட சேர்ந்துக்கும். ரெண்டும் ஒண்ணா அடியில இறங்கிரும். அந்தக் கலவை பழைய பசைக்குத் தெரியாது” என்றார். தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுபடி போன். எடுக்கவே பயமாக இருந்தது.

“அக்கா! பொண்ணு! பாலத்து மேலயே, வண்டியிலயே பொறந்துருச்சு. பிள்ளை மொதல்ல அழவே இல்லக்கா, நீலமா கிடந்துச்சு. நல்லவேளை ஆம்புலன்ஸ் வந்துச்சு, அதுல இருந்த நர்ஸ் ஊதி ஊதித்தான் உசுரு வந்துச்சு. இப்ப ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில நல்லா இருக்காங்க.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தம்பி நிறுத்தவில்லை.

“இன்னொண்ணு கேளு. வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக், பெட்ரோல்ல தண்ணின்னான். எங்க அக்கா கம்பி இறக்கின தொட்டிடா, யாரைப் பார்த்துச் சொல்றேன்னு ஓங்கி ஒரு அறை விட்டேன். சரியாத்தானே செஞ்சேன்?”

அதிகாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியெல்லாம் சிவப்பு.

“அந்த மெக்கானிக் கால்ல போய் விழுடா தம்பி,” என்றாள். “அவர் சொன்னதுதான் நிஜம். அந்தத் தண்ணியைப் போட்டது உங்க அக்கா கைதான்.”