எங்கள் போனில் போட்டிக்காரன் மூளை

செல்போன் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிக்கு இரண்டு வாய் வேண்டும்: ஒன்று தன் போனைப் புகழ, இன்னொன்று அடுத்தவன் போனைக் குறை சொல்ல. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் சேர்த்து எங்கள் கம்பெனிக்கு நான் ஒருவன்தான் பிரதிநிதி. அதனால் இரண்டு வாய்க்குமே ஓய்வு கிடையாது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தவை இவை. கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு, அதில் பாதி பட்டன் எதற்கென்றே தெரியாமல் காலம் தள்ளிய சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும். எங்கள் கம்பெனி சாதாரண போனோடு, பேனாக்குச்சியால் தொட்டு எழுதுகிற விலை உயர்ந்த போனும் செய்தது. அதை இயக்கும் சாஃப்ட்வேரும், அதாவது போனின் மூளையும், எங்களுடையதுதான். போட்டிக் கம்பெனி தன் மூளையைத் தன் போனில் வைத்ததோடு, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தும் வந்தது. அதை நாமும் வாங்கி நம் போனில் வைத்தால் என்ன என்று சென்னையில் யோசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்துக்குள் கடைக்காரர்களையும் வாடிக்கையாளர்களையும் கேட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதச் சொல்லி எனக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கூடவே ஒரு வெள்ளோட்ட போன். வெளியே எங்கள் பெயர். உள்ளே அவர்கள் மூளை.

போன வாரம் சொன்ன வாய்

முதலில் போனது சம்சுதீன் பாய் கடைக்கு. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் கடை. எங்கள் போனை மட்டுமே விற்பவர். என்னை நம்பி என்று சொல்லமாட்டேன். நான் சொன்னதை நம்பி. "போட்டிக் கம்பெனி சாஃப்ட்வேர் எடை அதிகம் பாய், போன் மூச்சு வாங்கும், ஆறு மாசத்துல படுத்துரும்" என்று இரண்டு வருஷமாக அவருக்குப் பாடம் எடுத்தவன் நான். அவரும் அதையே வாடிக்கையாளர்களுக்கு எடுத்தார். முந்தின வாரம்தான் ஒரு ஹெட்மாஸ்டர் போட்டிக் கம்பெனி போனை வாங்கலாம் என்று வந்திருக்கிறார். பாய் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மனசை மாற்றி எங்கள் போனை வாங்க வைத்திருக்கிறார்.

நான் வெள்ளோட்ட போனைக் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். பாய் ஆன் செய்தார். எங்கள் பெயர் ஒரு விநாடி வந்து மறைந்தது. பிறகு அவருக்கு நன்றாகத் தெரிந்த, அவர் இரண்டு வருஷமாகக் குறை சொல்லிவந்த போட்டிக் கம்பெனியின் படம் திரையில் வந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. போனை மெதுவாகத் திருப்பி, என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"ஹெட்மாஸ்டரு தெனமும் இந்த வழியாத்தான் நடந்து போறாரு தம்பி. நாளைக்கு அவரு மூஞ்சில நான் முழிக்கணுமா, உங்க கம்பெனி முழிக்குமா?"

வெந்திருக்கணும், அவ்ளோதான்

அரியலூரில் சுந்தரமூர்த்தி என்று ஒரு லாரி கான்ட்ராக்டர். சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் அவருடையவை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் லீவு என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதை எங்கள் போனில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். போட்டிக் கம்பெனி போனில் அப்படியே வரும். ஆகவே இரண்டு போன் வைத்திருந்தார், சட்டைப் பைக்கு ஒன்று, பேன்ட் பைக்கு ஒன்று.

நான் போன அன்றைக்கு எங்கள் போனில்தான் பட்டியலைப் புதிதாகத் தட்டிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி முடிக்கிற சமயத்தில் ஒரு டிரைவர் கூப்பிட்டான். பேசி வைத்துவிட்டுப் பார்த்தால் தட்டியது ஒன்றுமே இல்லை. எங்கள் போன் ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் செய்யும். அதைப் பெருமையாகவே நான் சொல்லி விற்றிருக்கிறேன், "கவனம் சிதறாது சார்" என்று. வெள்ளோட்ட போனைக் கொடுத்தேன். பட்டியலைத் திறந்தார், நடுவில் தன் இன்னொரு போனிலிருந்து அதற்கு ஒரு ரிங் விட்டார், கட் செய்துவிட்டுப் பார்த்தார். பட்டியல் அங்கேயே இருந்தது. சின்னப் பையனைப் போலச் சிரித்தார்.

"அடுத்த கம்பெனி சாஃப்ட்வேர்னு தெரிஞ்சும் வாங்குவீங்களா சார்?" என்றேன்.

"யாரு சமைச்சா என்னங்க? எலையில வந்து விழறப்ப வெந்திருக்கணும், அவ்ளோதான்."

கதவு

இவ்வளவுதானே, 'ஆம்' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்ற முடிவோடுதான் ஜெயங்கொண்டம் போனேன். அங்கே மகேஸ்வரி அக்கா முந்திரி வியாபாரம். கணவர் இறந்த பிறகு, 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்றவர்களுக்கு நடுவில் உடைப்பு ஆலையை எடுத்து நடத்தியவர். கொழுந்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்த எங்கள் போனில்தான் வெளியூர் வியாபாரிகளுக்கு மெயில் அனுப்புவார். ஊரில் யாருக்கும் மெயில் ஐடி இல்லாத காலம்.

நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து, "வா தம்பி" என்று ஆலைக்குள் கூட்டிக்கொண்டு போனார். மூலையில் ஒரு உடைக்கும் மெஷின், மேலே சாக்கு மூடி. மெஷின் ஒரு கம்பெனி; அதற்குள் இருக்கும் மோட்டார் வேறு கம்பெனி. வாங்கின வருஷம், முந்திரி வரத்து உச்சத்தில் இருக்கும்போது மோட்டார் புகைந்து நின்றுவிட்டதாம். மெஷின்காரனுக்குப் போன் போட்டால், "மோட்டார் எங்களுது இல்லீங்க, அவங்களைக் கேளுங்க." மோட்டார்காரனைக் கேட்டால், "மெஷின்ல லோடு அதிகம், அவங்களைக் கேளுங்க." இப்படியே சித்திரை போய் வைகாசியும் போயிற்று. பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் பெண்களைக் கூப்பிட்டுக் கையால் உடைத்துச் சமாளித்திருக்கிறார். தோட்டுப் பாலில் வெந்த விரல்களோடு அந்தப் பெண்கள் வேலை செய்தார்களாம். முந்திரித் தோட்டின் பால் பட்டால் தோல் உரிந்துவிடும்.

"நல்ல மூளையா, கெட்ட மூளையா, எனக்குத் தெரியாது. கெட்டுப்போனா நான் யாரு வூட்டுக் கதவைத் தட்டணும்? அதை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ தம்பி."

வட்டம்

வேப்பந்தட்டையில் ஒரு மாட்டு டாக்டர். பெயர் குமரேசன், முப்பது வயதுக்குள்தான். எங்கள் போனைக் கண் மாதிரி வைத்திருந்தார். எந்த வீட்டு மாட்டுக்கு எப்போது சினை ஊசி, எதற்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது எல்லாம் அதில்தான். அவரிடம் வெள்ளோட்ட போனை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி, பெயர், நம்பர் எல்லாவற்றையும் நானே அதில் ஏற்றிக் கொடுத்தேன். அவருடைய பழைய போனை என் பையில் வைத்துக்கொண்டு போனேன். இதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இரண்டும் கையில் இருந்தால் பழையதையே எடுப்பார், வெள்ளோட்டம் நடக்காது என்ற கெட்டிக்காரத்தனம்.

வாரம் முடிந்து திரும்ப வாங்கப் போனபோது அவர் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஏறுங்க சார், போய்ட்டு வந்து பேசுவோம்" என்றார். மலையடிவாரத்தில் ஒரு வீடு. சின்னப்பொண்ணு என்ற அம்மாவின் மாடு. முதல் ஈற்று. கன்றின் தலை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு வெளியே வராமல் கிடந்தது. டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு முயன்றார். அரை மணி நேரம் ஆயிற்று. "சார், என் போன்ல நாமக்கல் காலேஜ் சீனியர் டாக்டர் நம்பர் இருக்கும், போட்டு என் காதுல வைங்க" என்றார்.

போனை எடுத்தேன். சிக்னல் இரண்டு கோடு இருந்தது. பெயரைத் தொட்டேன். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. பட்டனை அழுத்தினேன், சுற்றியது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். எங்கள் பெயர் வந்தது, அவர்கள் படம் வந்தது, மறுபடியும் வட்டம். திடீரென்று டாக்டரின் பழைய போன் ஞாபகம் வந்து என் பையைத் தேடினேன். பை டாக்டர் வீட்டிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சாதாரண போனை நீட்டினார். ஆனால் நம்பர் யாருக்கும் மனப்பாடம் இல்லை. எல்லா நம்பரும் அந்த வட்டத்துக்குப் பின்னால் இருந்தன.

டாக்டர் யாரையும் கேட்காமல் தானே கயிறு கட்டித் தலையைத் திருப்பி, கன்றை வெளியே எடுத்தார். உயிர் இல்லை. மாடு பிழைத்துக்கொண்டது. "நாம வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கும் சார்" என்று கை கழுவும்போது என்னிடம் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம், எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். அந்த அம்மா அழவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து, என் கையில் இருந்த போனைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தக் கண்ணாடிக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சே, அது என்னதான் தம்பி தேடுச்சு?"

நாலு பக்கம்

சுற்றறிக்கையோடு வந்த படிவத்தில் இரண்டு கட்டம்தான். ஆம், இல்லை. நான் இரண்டிலும் டிக் அடிக்காமல் நாலு பக்கம் எழுதினேன். எங்கள் மூளை ஒரு வேலைக்கு மேல் செய்யாது, அதை இனிமேல் மறைக்க முடியாது என்று எழுதினேன். அவர்கள் மூளை பெரியது, ஆனால் எங்கள் போனின் உடம்பு அதற்குப் போதாது, அவசரத்தில் நின்றுவிடுகிறது என்றும் எழுதினேன். வாங்கத்தான் வேண்டுமென்றால் உடம்பைப் பெரிதாக்கிவிட்டு வாங்குங்கள். ரிப்பேர் என்று வந்தால் 'அது அவங்க சாஃப்ட்வேர்' என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். நம் கதவுதான் திறக்க வேண்டும் என்று முடித்தேன். கன்றுக்குட்டி விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். எழுதினால் அவருடைய பழைய போனைத் தூக்கிக்கொண்டு போனவன் நான் என்பதையும் எழுத வேண்டும். எழுதினேன்.

திருச்சியில் எங்கள் ஏரியா மேனேஜர் ராகவன் சார் நாலு பக்கத்தையும் என் முன்னாலேயே உட்கார்ந்து படித்தார். நல்ல மனிதர். கன்றுக்குட்டி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கப்பா. ஆனா புது போனுக்கு அட்டைப்பெட்டி அச்சடிச்சே மூணு மாசம் ஆச்சு."

ஒரே பெஞ்சு

புது போன் வந்தது. சுந்தரமூர்த்தி முதல் நாளே வாங்கினார். குமரேசன் டாக்டர் வாங்கவில்லை. பழைய போனிலேயே இருந்தார், கூடவே முக்கியமான நம்பர்களைப் பேனாவால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். சம்சுதீன் பாய் புது போன் வந்த அன்றைக்குக் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஹெட்மாஸ்டரை வழிமறித்து, "நான் சொன்னது தப்பு சார், மாத்திக்கிறதுன்னா மாத்தித் தரேன்" என்றாராம். அவர் மாற்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாய் எந்தக் கம்பெனி போனையும் விற்றார், எதையும் குறை சொல்லவில்லை. எங்கள் போனை மட்டுமே விற்ற ஒரே கடையை நான் இழந்தேன் என்று மேலிடத்தில் என்மேல் வருத்தம். எனக்கு இல்லை.

புது சாஃப்ட்வேரைப் பற்றி வகுப்பெடுக்கத் திருச்சியில் ஒரு ஹோட்டலில் கூட்டினார்கள். பாடம் நடத்தியவர்கள் போட்டிக் கம்பெனி ஆட்கள். அவர்களுக்கு உதவியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான் இளங்கோ. போட்டிக் கம்பெனிக்கு இதே பெரம்பலூர், அரியலூரில் பிரதிநிதி. ஐந்து வருஷமாக ஒரே பஸ்ஸில் போய், ஒரே கடையில் ஏறி இறங்கி, ஒருவர் போனை ஒருவர் திட்டியவர்கள் நாங்கள். நேருக்கு நேர் பேசியதே இல்லை. வகுப்பு முழுக்க அவனுக்கு ஏற்கனவே தெரிந்த பாடம். எனக்குப் புரியாத இடத்தில் குனிந்து என் காதில் சொல்லிக் கொடுத்தான். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பேரும் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றோம். அப்போது நிஜமான கவலையோடு கேட்டான்.

"உங்க போனைத் திட்டித்தான் சார் இத்தனை வருஷம் பொழச்சேன். இனிமே நான் என்னத்தைச் சொல்லி விக்கிறது?"

எனக்கு அப்போது ஒன்று மட்டும் தெரிந்தது, கம்பெனி எதை வேண்டுமானாலும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், எங்களைப் போலத் திட்டு வாங்குகிற ஆளை மட்டும் சொந்தமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.