பெட்டிக்குள் இருந்த வெள்ளி ரூபா

என் மாமாவுக்குக் கட்டாரில் பிடித்த பைத்தியம் பழைய காசு. மற்றவர்கள் லீவில் வரும்போது கம்பளியும் அத்தரும் கொண்டுவருவார்கள். உம்மாவின் தம்பியோ ராசா தலை போட்ட இரண்டு வெள்ளி ரூபாக்களோடு கல்முனையில் வந்திறங்கினார். ஒன்று கொழும்பில் நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியது. சட்டைப் பையிலேயே கிடந்தது. மற்றது பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. அதை வெளிநாட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அசல்தான், தேய்மானம் இல்லை என்று தரம் எழுதி, யாரும் திறக்க முடியாதபடி ஒட்டியிருந்தார்களாம். ஒரு காசுக்கு இத்தனை மரியாதையா என்று நான் வாயைப் பிளந்தேன்.

"ரெண்டும் ஒரே காசுதானே தம்பி? பொட்டிக்கா இவ்வளவு வெல?" என்று உம்மா கேட்டார்.

"பொட்டிக்கில்ல ராத்தா, நம்பிக்கைக்கு. அத ஒடச்சா மறுகா இதுவும் சும்மா காசுதான்."

அந்த வாரம்தான் புதிதாகப் பிறந்த என் தங்கச்சிக்கு ஏழாம் நாள் வந்தது. முடி இறக்கி, அந்த முடியின் நிறைக்கு வெள்ளியை ஏழைகளுக்கு ஸதக்காவாகக் கொடுக்க வேண்டும். அதற்கென்று மாமா கொழும்புக் காசை ஒதுக்கினார். இரண்டு காசையும் வைத்திருந்த அலுமாரியிலிருந்து அதை எடுத்துவரும் பொறுப்பு ஒன்பது வயதான எனக்கு.

எனக்கோ அப்போது அறிவு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. பிரியமானதைக் கொடுத்தால்தான் நன்மை என்று ஓதப் போகும் இடத்தில் லெப்பை சொல்லித் தந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அசல் என்று எழுதி ஒட்டிய வெள்ளி வீட்டில் இருக்க, என் தங்கச்சிக்கு நடைபாதை வெள்ளியா? குசினிக்குள் போய், தேங்காய் உடைக்கும் கத்தியைத் திருப்பிப் பிடித்து அந்தப் பெட்டியில் நாலு போடு போட்டேன்.

தராசில் ஒரு பக்கம் முடி, ஒரு பக்கம் காசு. காசுத் தட்டு சட்டென்று இறங்கியது. கூடினால் கூடின நன்மை என்று வாப்பா அதை எடுத்துப்போய், இரண்டு ஒழுங்கை தள்ளிப் பாய் இழைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு விதவையின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

பின்வளவில் ஆட்டிறைச்சி பங்கிட்டுக்கொண்டிருந்த மாமா கை கழுவக் குசினிக்கு வந்தார். பிளாஸ்டிக் துண்டுகளைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. நான் நடந்ததையெல்லாம் பெருமையோடு சொன்னேன். உம்மா தலையில் கைவைத்துக்கொண்டு வாப்பாவிடம், "ஓடிப் போய் மாத்திட்டு வாங்க! மத்தக் காசும் கொஞ்சம் சல்லியும் குடுத்தா அவ சந்தோசமாத் தருவா" என்றார். வாப்பா செருப்பை மாட்டினார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மாமா குந்தியிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு எழும்பி, "வேணாம் மச்சான். ஸதக்காக் குடுத்தவன் அதத் திரும்ப வாங்கக் கூடா" என்றார். என் தலையைத் தடவி, "கறி வெந்திட்டு. வாங்க மகள், சாப்பிடுவம்" என்று கூட்டிப்போனார்.

மார்க்கச் சட்டம் என்னை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டது என்ற மகிழ்ச்சியில் இறைச்சியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

அந்தச் சட்டம் கொடுத்தவனுக்குத்தான் என்பது எனக்கு வளர்ந்த பிறகே உறைத்தது. மாமா அந்தக் காசைக் கொடுக்கவே இல்லை; கேளாமல் எடுத்தவள் நான். அவர் தாராளமாகப் போய் மாற்றி வாங்கியிருக்கலாம். குந்தியிருந்து துண்டு பொறுக்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மாமா அதைக் கொடுத்திருக்கிறார்.