புருஷனுக்கு ஏற்றிய ரத்தம்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி, பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயத்தில் முனியாண்டிக்குக் கிடா வெட்டு. முதல் வெட்டு மூத்தவனுக்கு என்பது எங்கள் வழக்கம். மூத்தவர் என் புருஷன். கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வந்தார் என்று அவருடைய தம்பி பாராங் கத்தியை எடுத்துக்கொண்டான். இவர் பிடுங்கினார், அவன் விடவில்லை. கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பாராங் என் புருஷன் தொடையில் இறங்கியது.

வாளியைக் கவிழ்த்த மாதிரி ரத்தம். என் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் உதடு வெளுத்துவிட்டது. ரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பார் என்றார், டாக்டருக்கு உதவியாய் இருந்த டிரஸ்ஸர்.

"ஒரே வயித்துல பொறந்தவன் ரத்தம்தான் சேரும்" என்றார் என் மாமியார். எனக்கு அவர் சொந்த அத்தை.

தம்பி வண்டிக்குப் பின்னாலேயே வந்து வேலியோரம் ஒளிந்து நின்றான். கையில் கிடைத்த கட்டையால் முதுகில் போட்டு, முடியைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன்.

டிரஸ்ஸர் என் புருஷன் ரத்தத்தில் தெளிந்த நீரைக் கண்ணாடித் தட்டில் விட்டார். தம்பி விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து அதில் கலந்தார். திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாய்ப் போயிற்று.

"கூடப் பொறந்தாலும் இவன் ரத்தம் வேற வகை. ஏத்துனா செத்துருவாரு."

"வெட்டுனவன் ரத்தம் எப்படிங்க சேரும்? என்னதைப் பாருங்க" என்றேன்.

என் ரத்தம் திரியாமல் கலந்து நின்றது.

அத்தை என் கையைப் பிடித்தார். "வேணாண்டி. ஒன் ரத்தம் அவன் ஒடம்புல ஓடுனா அண்ணன் தங்கச்சி ஆயிருவீங்க. அப்புறம் தாலிக்கு என்ன அர்த்தம்?"

"அவரு செத்தா மட்டும் என்ன அர்த்தம் அத்தை?"

வாசலை மறித்தார். பெரியவர் என்று பார்க்கவில்லை, தள்ளினேன். சுவரில் மோதி உட்கார்ந்தார். அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

கோணி ஊசி மொத்தத்துக்கு ஒரு ஊசி. பல்லைக் கடித்துக்கொண்டேன். பாட்டிலில் பிடித்ததை அவர் கைக்குள் இறக்கினார்கள். பொழுது சாயும்போது உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்ததும் கேட்டார்:

"எங்கடி அவன்? பாராங்கைக் கொண்டா."

கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

"இப்ப ஒங்க ஒடம்புல ஓடுறது என் ரத்தம். சண்டைக்குப் போயி ஒரு சொட்டு கீழ விட்டீங்க, மிச்சத்தை நானே எறக்கிருவேன்."

"அண்ணனை அறையிற தங்கச்சியைப் பாரு" என்றார் அத்தை, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

டிரஸ்ஸர் சிரித்துவிட்டார். என் புருஷன் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.