வெல்லம் கேட்ட அமாவாசை

அப்பாவுக்கு நீரிழிவு என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் சர்க்கரை நுழையவில்லை. புனாவில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. டிஸ்பென்சரி டாக்டர், இனிப்பைத் தொடாதே, ஊசியை ஒரு நாளும் விடாதே என்று இந்தியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு அது வேதவாக்கு. சாமிக்கென்று வாங்கிய வெல்லத்தைக்கூட டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்பாள். நஞ்சும் சில வேளை அமிர்தம் என்று சொல்லத்தான் எங்களுக்கு ஆளில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி அமாவாசை. காலையில் இருந்தே நசநசவென்று தூறல். அப்பா வழக்கம்போல் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, தொடையில் தானே ஊசி போட்டுக்கொண்டார். செத்துப்போன தாத்தாவுக்குப் படைத்து, அந்தச் சோற்றைக் காக்கா எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அதுவரை அப்பா பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். குவார்ட்டர்ஸ் மதில்மேல் சோறு வைத்தோம். மழைக்கு ஒரு காக்காயும் வரவில்லை.

உச்சிப்பொழுது தாண்டியதும் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. யாரிடமும் கோபிக்காத மனுஷன் என்னைப் பார்த்து, "யாருடி நீ?" என்று நாக்குக் குழறக் கத்தினார். படையலுக்கு வந்திருந்த சித்தப்பா சட்டென்று கைகூப்பினார்.

"எங்கப்பா அண்ணன் மேல எறங்கியிருக்காரு, அண்ணி. அதான் காக்கா வரல." பிறகு அப்பாவின் முன்னால் குனிந்து, "என்னப்பா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"வெல்லம்" என்றார் அப்பா.

தாத்தா வெல்லப் பைத்தியம். சித்தப்பாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. அம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேற எது வேணாலும் கேளுங்க, மாமா. இது உங்க புள்ள ஒடம்பு. இனிப்பு ஆகாது. நான் தரமாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அப்பா மறுபடியும் கேட்டார். பிறகு சுவரோடு சரிந்தார்.

தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினோம். டாக்டர் வந்து பார்ப்பதற்குள் உயிர் போயிற்று. ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தாரா என்று டாக்டர் கேட்டார். ஊசி சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகுமாம். நினைவு தப்பும் முன் வாயில் துளி வெல்லம் போட்டிருந்தால் பிழைத்திருப்பாராம். ஊசியை விடாதே என்று சொன்னவருக்கு, சாப்பிடாமல் போடாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மாவுக்கு இந்தி அரைகுறை. சித்தப்பா எதையும் தமிழில் சொல்லவில்லை. ஆனால் வெல்லத்துக்கு இந்தியில் என்ன என்று அவள் கடைத்தெருவில் கற்றிருந்தாள்.

அதன் பிறகு அமாவாசைதோறும் எங்களுக்கு முதலில் சோறு போட்டுவிடுவாள். அப்புறம்தான் மதில்மேல் அப்பாவுக்குப் படையல், அதன் உச்சியில் பெரிய வெல்லக்கட்டி. காக்காய்கள் தவறாமல் வந்தன. சோற்றைத் தின்றன. வெல்லத்தை மட்டும் அலகால் ஒதுக்கித் தள்ளின.

"இன்னும் கோவம் தீரல அவருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போவாள்.