ருக்மணி தொங்கவிட்ட அட்டை

மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வெள்ளகோவிலில் இருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டிய பிறகு படிக்கக் கற்றவன் நான். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வருவேன். காங்கயத்தில் அரிசி மண்டி, பல்லடத்தில் கோழித் தீவனக் கடை, சூலூரில் பல் மருத்துவர் என்று ஒன்றையும் விடுவதில்லை. சிங்காநல்லூரில் இறங்கியதும் எதிர்ச் சுவரில் புதுப் போஸ்டர் தெரிந்தது. முன்பெல்லாம் படத்தைத்தான் பார்ப்பேன். இப்போது கண் எழுத்துக்குத்தான் போகிறது. எழுத்துக் கூட்டி ‘ருக்மணி’ என்று திணறாமல் வாசித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் சிரித்தும்விட்டேன். அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

நம் கதவுப் பட்டறை ருக்மணிதான். மாரடைப்பு. காரியமும் முடிந்துவிட்டிருந்தது. நீங்கள் எனக்குப் போன் செய்திருக்கிறீர்கள்; என் போன் மகள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டுக் கிடந்தது.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பக்கத்துக்கு நாலைந்து நாள் ஆகிறது. ஆனாலும் கடைசிவரை வாசியுங்கள். உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பெல்ட் சேண்டர் அவர் மேசையில்தான் இருக்கும். உப்புத்தாள் பட்டை இரண்டு உருளைகளைச் சுற்றி ஓடும் அந்த மெஷினை நம்மில் பலர் முரட்டுத்தனமாகத்தான் பிடிப்போம். ஒருநாள் முருகேசன் உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டு அழுத்தினார். தேக்குக் கதவில் பள்ளம் விழுந்தது. “ஏனுங்க முருகேசு, பேசாம அது மேல ஏறி உக்காந்துக்குங்களே! அதோட எடையே அதுக்குப் போதுமுங்க. சந்தைக்கு மாட்டைப் புடிச்சுட்டுப் போற மாதிரி பின்னாலயே போனாச் சரி” என்றார் ருக்மணி. முருகேசன் விடவில்லை. “நீங்க அந்தத் தூசிப் பையைக் கொட்டற நேரத்துல நான் ரெண்டு கதவை முடிச்சுப்போடுவனக்கா.” “முடிக்கலாமுங்க. பழைய கதவுல ஆணி உரசி ஒரு பொறி பைக்குள்ள போனா, அது பட்டறையவே முடிச்சுப்போடும்.” பை பாதி நிறைந்தாலே அவர் கொட்டிவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

சுவிட்சை விட்டாலும் பட்டை உடனே நிற்காது. ஊ என்று இறங்கி இறங்கித்தான் அடங்கும். அதுவரை மெஷினைக் கீழே வைக்க மாட்டார். “சுவிட்சை நம்பாதீங்க, காதை நம்புங்க” என்பார். அந்த இறங்கும் சத்தம் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெஷின் நின்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் எனக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கிறது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் பலகை சுமக்க வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போனது. நீங்கள் எல்லோரும் டீக்கடைக்குப் போனீர்கள். ருக்மணி, கிடைத்த நேரத்தில் தேய்ந்த பட்டையை மாற்றிவிடலாம் என்று ப்ளக்கைப் பிடுங்கிப்போட்டு, ஒயரில் எழுதி வைத்த அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு மேசைக்குப் போனார். ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனதால், கையை எடுத்தாலும் சுவிட்ச் அணையாமல் பிடித்து வைக்கும் பொத்தான் பூட்டியபடியே இருந்தது. பலகை அடுக்குக்கு இந்தப் பக்கம் நான். அவர் மேசை அங்கிருந்து என் கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் வந்தது. கீழே ஒரு ப்ளக் கிடந்தது. அட்டையை ஏதோ விலைச்சீட்டு என்று நினைத்தேன். உதவி செய்வதாக எண்ணிச் சொருகினேன்.

அவருடைய வலது ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று.

ஓடி வந்த முதலாளியிடம், “ப்ளக்கைப் புடுங்காம மாத்திப்போட்டனுங்க” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதன்பிறகு எத்தனை முறை கேலி செய்தீர்கள்! “ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிப்போட்டு அக்காவே ப்ளக்கை மறந்துட்டாங்க.” நீங்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்று, “ஏன் அம்மணி என்னைக் காட்டிக் குடுக்கலே?” என்று கேட்டேன். “சொன்னா உங்களை அப்பவே அனுப்பிப்போடுவாங்க. பொத்தானைப் பாக்காம உட்டது நானுங்ண்ணா. பாதி என் மேல. அதிருக்கட்டும், அந்த அட்டையில என்ன எழுதியிருக்குதுங்க?” நான் தரையைப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று புரிந்துகொண்டார். பிறகு, “மீதிப் பாதிய நீங்களே ஒரு நாள் எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்கப்படாது” என்றார்.

அன்றைக்கே ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரத்தில், மேசையில் படிந்த மரத்தூளில், அந்தக் குட்டை விரலால் ‘அ’ எழுதினார். நான் அழிக்க ஊதினேன். “தூசியை ஊதாதீங்க, கண்ணுக்குள்ள உழும்” என்று ஈரத்துணியைக் கொடுத்தார். நுனி இல்லாத விரல் என்பதால் கோடு தடிப்பாக விழும். அதைப் பார்த்துப் பழகிய என் எழுத்தும் தடிப்பாகத்தான் இருக்கிறது.

போன ஆடியிலேயே எனக்கு எழுத வந்துவிட்டது. பேரன் பேத்தி பெயர்களை எழுதினேன், மளிகைச் சீட்டு எழுதினேன், கைநாட்டு வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். இதை மட்டும் எழுதவில்லை. சனிக்கிழமை தவறாமல், “எழுதியாச்சுங்களாண்ணா?” என்பார். “எழுத்து இன்னும் நேரா வரலே அம்மணி.” “நேரா இருக்க வேண்டாமுங்க. நெசமா இருந்தாப் போதும்.” வெள்ளகோவில் கிளம்பும் முன்பும் கேட்டார். வந்து எழுதுகிறேன் என்றேன்.

இப்போது எழுதிவிட்டேன். ருக்மணி அன்று ப்ளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தார். சொருகியவன் நான்.

அந்த மேசையில் இப்போது பீகாரில் இருந்து வந்த திலீப் வேலை செய்கிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் அவர் பட்டை மாற்றும்போதெல்லாம் ப்ளக்கை என் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. ‘கை உள்ளே இருக்கிறது. கேட்காமல் சொருகாதே.’ நிற்கும் நேரத்தில் அதைத்தான் வாசிக்கிறேன். மாற்றி முடித்ததும் திலீப் பொத்தானைச் சரிபார்த்துவிட்டு அடுக்குக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டுவார். அப்போதும் நான் உடனே சொருகுவதில்லை. பலகை அடுக்கைச் சுற்றிப் போய் மேசையைப் பார்க்கிறேன். அவருடைய இன்னொரு கை மெஷினில் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் திரும்பி வந்து சொருகுகிறேன்.