காற்றைக் குடித்த படகு

பம்புக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கிணறு, ஆழ்துளை, மாடித் தொட்டி என்று எங்கே மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓடும் மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "காத்து குடிக்குது" என்பார். குழாய் மூட்டில் எங்கேயோ மயிரிழைக் கசிவு இருக்கும். கைராசிக்காரர் என்பார்கள். கைராசி எல்லாம் ஒன்றுமில்லை. வேறு எதிலும் அக்கறையில்லாத மனிதர் ஆயுள் முழுக்க ஒன்றையே பார்த்தால் அது கொஞ்சம் பிடிபடும், அவ்வளவுதான்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மாடியில் நின்றால் அதன் தண்ணீர்த் தொட்டி தெரியும். பாலம் வெள்ளத்தில் போனபிறகு, கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தொட்டியை அடைய மலையைச் சுற்றி அரைநாள் பேருந்தில் குலுங்க வேண்டியிருந்தது. ஆற்றில் ஓரிடம் முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் ஆளை முழுங்கும் மடு. துடுப்பு போட்டால் இழுப்பு கீழே தடுப்பணைக்குக் கொண்டுபோய்விடும். மோட்டார் படகை விட்டால் பாறையில் பட்டு அதன் விசிறி பல் உடைந்த சீப்பாகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை பேருந்திலிருந்து இறங்கி வந்தவள், உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் வாந்தியெடுத்த பை இன்னும் கையில் இருந்தது.

"ஏங்க, இனிமே நான் பஸ்ல ஏற மாட்டேன்."

"கார் பேசட்டுமா?"

"கார்லயும் அதே ரோடுதானே? நீங்கதான் கொல்லையில ஒரு கப்பலைக் கவுத்துப் போட்டிருக்கீங்களே. அது ஓடட்டும். வரேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார்.

கப்பல் என்று அவள் சொன்னது ஒரு பழைய பைபர் படகின் வெறும் ஓடு. பாலம் போனதிலிருந்து அவர் அதை நோண்டிக்கொண்டிருந்தார். உடைந்த நீர் ஸ்கூட்டர் ஒன்றின் எஞ்சினையும் ஜெட்டையும் பிடுங்கி வந்து, ஓட்டின் பின்பக்க அடியில் சதுரமாக வெட்டி உட்கார வைத்திருந்தார். ஜெட் படகில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி கிடையாது. அடிவயிற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த வேகத்தில் படகு முன்னால் போகும். முழங்கால் தண்ணீரிலும் ஓடும்.

"அட, பம்புதானே!" என்று முதல்நாளே முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. நம்பிக்கை என்பது பல சமயம் வேறு வேலை தெரியாததற்கு நாம் வைக்கும் பெயர்.

செவ்வாய்க்கிழமை படகை ஆற்றோரத்து ஆழமான தேக்கத்தில் இறக்கினார். அடுத்த வீட்டுப் படகுக்காரர் உதவிக்கு வந்தார். ஊரில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார் என்பதால் வந்த பெயர்.

"மாமா, இந்த ஓட்டுல மண்ணைப் போட்டுக் கீரை விதைச்சிருந்தா இந்நேரம் ரெண்டு தடவை அறுத்திருக்கலாம்."

"வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடிடா."

மரத்தில் கட்டி வைத்து எஞ்சினை முடுக்கினார். பின்னால் தண்ணீர் பனைமர உயரத்துக்குச் சீறியது. கயிறு முறுக்கேறியது. அவசரமே வாயைப் பிளந்தார். அவிழ்த்துவிட்டார்கள். படகு கொஞ்சதூரம் ஓடியது. பிறகு எஞ்சின் அலறியதே தவிர படகு நகரவில்லை. கட்டியிருக்கையில் காளை, அவிழ்த்தால் கழுதை.

"காத்து குடிக்குது," என்றார் பம்புக்காரர்.

கசிவைத் தேடினார். கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினார், மூட்டுகளுக்குப் பசை பூசினார், உள்ளே சுற்றும் இம்பெல்லரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். மறுபடி இறக்கினால் மறுபடி அதே அலறல். புதன்கிழமை ஆஸ்பத்திரி முறை அப்படியே போனது. அவள் வரவில்லை. "படகு ஓடலையே," என்றாள், கதவுக்கு உள்ளிருந்து.

வியாழன் காலையில் அவள் செருப்பு காலில் ஏறவில்லை. பாதத்தை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியிலேயே தூங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தார்: "ஐயா, வெள்ளிக்கிழமை கட்டாயம் கூட்டிட்டு வந்துடுங்க. இது தள்ளிப்போடற விஷயமில்லை."

அவர் மனைவியின் முன்னால் தரையில் உட்கார்ந்து கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை பஸ்ல வாம்மா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழாதீங்க. கால் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கு," என்றாள்.

அவர் எழுந்து ஆற்றுக்குப் போனார். போக வேறு இடமில்லை.

அன்றும் அலறல்தான். இந்தமுறை எஞ்சின் சூடேறிப் புகைந்து தேக்கத்தின் நடுவில் நின்றுவிட்டது. அவசரம் தன் படகைக் கொண்டுவந்து கயிறு போட்டு இழுத்தார். பம்புக்காரர் அணைந்த எஞ்சினுக்குப் பக்கத்தில், வாயில் ஈ போனாலும் தெரியாத நிலையில் உட்கார்ந்திருந்தார். ஜெட்டில் குப்பை சிக்கினால் கைவிட்டு எடுக்க ஒரு வாய் உண்டு. அதன் மூடியைச் சும்மா, எதையாவது செய்யவேண்டும் என்று, திறந்தார். உள்ளே பார்த்தார்.

தண்ணீர் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. சோப்பு கரைத்த மாதிரி நுரை நுரையாக.

எஞ்சின் ஓடவில்லை. பம்பு சுற்றவில்லை. கயிற்று இழுப்பில் படகு மட்டும் நகர்ந்தது. அப்படியானால் காற்று எங்கிருந்து? எட்டிப் படகின் அடியைப் பார்த்தார். பழைய ஓட்டின் நடுவே முன்னிருந்து பின்வரை முதுகெலும்புபோல ஒரு புடைப்பு உண்டு. படகு நேராகப் போவதற்காக வைத்தது. ஓடும்போது அது தண்ணீரைக் கிழித்து, நுரையைத் திரட்டி, நேராகப் பம்பின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தது.

அவர் பார்த்த பம்புகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றவை. தண்ணீர்தான் அவற்றைத் தேடி வரும். ஓடுகிற பம்பு, தான் ஓடுவதாலேயே தன் தண்ணீரைக் கெடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பம்பு தெரிந்ததால் பம்பிலேயே தேடினார். பம்பு தெரியாத ஒருவன் முதலிலேயே அடியைப் பார்த்திருப்பான்.

"டேய், நிறுத்து! இல்லை, நிறுத்தாதே! சீக்கிரம் கரைக்கு இழுடா!"

"இதுதான் மாமா என்னோட சீக்கிரம்."

கொல்லையில் படகைக் கவிழ்த்து, பம்பின் வாய்க்கு முன்னால் இருந்த புடைப்பைக் கையில் பிடிக்கும் அறுவை கிரைண்டரால் சீவி எறிந்தார். அடியில் ஓட்டை விழுந்தது. கண்ணாடி நார்ப் பாயை வெட்டி வைத்து ரெசின் பசை பூசினார். குளிரும் ஈரமுமான நாள். காயாது என்ற பயத்தில், பசையை இறுக வைக்கும் ஹார்ட்னரை அள்ளி ஊற்றினார். அது கொதித்துப் புகைந்து, வறண்ட குளம்போல வெடித்தது. எல்லாவற்றையும் சுரண்டியெடுத்து, அளந்து ஊற்றி மறுபடி பூசினார். கண்ணாடித் தூசியில் இரண்டு கையும் சிவந்து தடித்தன. தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டி, வீட்டில் இருந்த சூடேறும் குண்டு பல்புகளை எல்லாம் உள்ளே தொங்கவிட்டார்.

ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"இன்னும் ஒட்டுதா?"

"ஒட்டுது. காயலை."

கொஞ்சநேரம் கழித்து மறுபடி: "இன்னுமா?"

அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாளே என்று அவர் பல்புகளை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை நகத்தால் தட்டினார். 'டக்' என்றது.

அவருடைய செருப்பைத்தான் அவள் காலில் போட முடிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். அவசரமும் ஏறிக்கொண்டார். எஞ்சின் உறுமியது, பிறகு பம்பு தண்ணீரைக் கவ்வ, குரல் தாழ்ந்தது. அந்தத் தாழ்ந்த குரலைத்தான் அவர் இத்தனை நாளும் கேட்கக் காத்திருந்தார். மூக்கு நிமிர்ந்து, மணல்திட்டை உரசுவதுபோலத் தாண்டி, இழுப்பை அறுத்துக்கொண்டு படகு போனது. ஒட்டுப் போட்ட இடத்தில் கொஞ்சம் கசிந்தது. பெருமைப்பட்டுக்கொள்ளும் வேலை இல்லை, ஆனால் போனது.

அக்கரையில் எஞ்சினை அணைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஓடிடுச்சு," என்றாள்.

"ஓடிடுச்சு!" என்றார் அவர், சின்னப்பிள்ளைபோல.

"ஓடாதுன்னு நெனச்சுத்தாங்க அந்தப் பேச்சே பேசினேன்."

அவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜன்னலில் தெரிந்த முகமும், இன்னும் ஒட்டுதா என்ற கேள்வியும் இப்போதுதான் அவருக்குள் இறங்கின. நாலு நாளாக அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பதும்.

"வலி தாங்கலைங்க. போதும்னு சொன்னா விடமாட்டீங்க. சாக்கு ஒண்ணு வேணும்ல? இப்போ அதையும் ஓட வெச்சுட்டீங்க."

அவசரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்புக்காரர் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "திரும்பிடலாமா?"

அதைக் கேட்டபிறகுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தடித்துச் சிவந்த அவர் கைகளைப் பார்த்தாள். தன் காலில் இருந்த பெரிய செருப்பைப் பார்த்தாள்.

"இன்னைக்கு மட்டும்," என்றாள். "ஞாயித்துக்கிழமையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். கையைக் குடுங்க."

அவர் கயிற்றைக் கட்டவேண்டும் என்பதையே மறந்து, அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு மேடேறினார். பின்னால் படகு மெல்ல ஆற்றோடு நழுவத் தொடங்கியது. அவசரம் தண்ணீரில் குதித்து, செருப்பு ஒன்று ஆற்றோடு போக, கயிற்றைப் பிடிக்க ஓடினார். அவர் ஓடி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.